நீலம் கூடிப்போன ஒட்டு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சீலிங்கில், ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் வானம் இருக்கிறது. மனைப்பலகை அகலம் இருக்கும். எங்களுக்கு மேல் மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் ஆசீர்வாதம் சார் குடியிருக்கிறார். ஒட்டுக்கு நேர் மேலே அவருடைய சாப்பாட்டு மேசை கிடக்கிறது. தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். தரையில் ஒரு கீறல் கிடையாது, மேசையும் ஆடவில்லை. கீழே இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தால் வானம். அது அதன் இடத்தில், மேசை அதன் இடத்தில். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அது எங்கள் பாளையங்கோட்டை வானம் இல்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒட்டில் அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். தெருவில் மழை கொட்டும் நாளில் அங்கே பொட்டு மேகம் இருக்காது. அங்கே மழை பெய்தால் வாளி வைத்துப் பிடித்துக்கொள்வேன். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு பூவாக வேகும். அக்கம்பக்கத்தில் ஒரு செம்பு கேட்டு வாங்கிப் போவார்கள்.

வானம் வந்ததற்கு என் கணவர்தான் காரணம். பெயர் கோமதிநாயகம். பஸ் கண்டக்டர். பாபநாசம் வண்டியில் நின்று, "உள்ள தள்ளிப் போங்க" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் மட்டுமல்ல, வெளியே டீக்கடையில் கிளாசோடு நிற்பவர்களும் ஓரடி தள்ளி நிற்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் உள்ளறையில் இருந்தேன். "காப்பி நல்லா இருக்கு" என்று கூடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. ஆளைப் பார்க்கும் முன்பே மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் ஒரு குறை உண்டு. நீலம் போடும்போது கை நிதானிக்காது. தன் வேட்டியைத் தானே அலசுவார். ரெண்டு சொட்டு விடுங்கள் என்றால் பாட்டிலையே கவிழ்த்துவிடுவார். கல்யாண வீடுகளில் 'அந்த ஊதா வேட்டி' என்றுதான் அவரை அடையாளம் சொல்வார்கள். எனக்கு மானம் போகும்.

சீலிங்கில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு பெயர்ந்து விழுந்தபோது ஒரு கொத்தனார் வந்து சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுப் போனார். வெள்ளைச் சீலிங்கில் சாம்பல் நிறமாக ஒட்டு துருத்திக்கொண்டு தெரிந்தது. "சுண்ணாம்பு அடிக்க ஒரு ஆளா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். வெள்ளை பளிச்சென்று இருப்பதற்காகச் சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். இவர் கலந்தபோது மூடி கழன்று பாட்டில் முழுவதும் சட்டிக்குள் போய்விட்டது. கொட்ட மனசு வரவில்லை. அப்படியே அடித்தார். கடைசி இழுப்பில் ஸ்டூல் சாய்ந்தது.

சத்தம் கேட்டு நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். தரையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

"வடிவு, மேகம் போகுது பாரு" என்றார்.

அவர் அவ்வளவு மெல்லப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெரிய குரல் ஏன் முணுமுணுப்பாகச் சுருங்கியது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லையாம். கட்டிலைக் கொண்டுவந்து ஒட்டுக்குக் கீழே போட்டோம். அவருடைய விசிலைக் கயிற்றோடு கட்டில் கம்பியில் மாட்டி வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. நடக்காவிட்டால் போகிறது, தூக்கி உட்காரவைக்க நான் இருக்கிறேன். ஆனால் அந்தக் குரல் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றால் அதைத் தவிர வேறொன்றும் கேட்கத் தோன்றியதில்லை.

ஒரு நாள் பழைய நியூஸ் பேப்பர் கேட்டார். வீடு பெருக்கும் என் வாரியலிலிருந்து ஈர்க்குக் குச்சி உருவினார். சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஒரு பட்டம் கட்டினார். படுத்தபடியே அதை மேலே ஒரு சுண்டு சுண்டினார். பட்டம் ஒட்டுக்குள் நுழைந்தது, அங்கிருந்த காற்று அதை வாங்கிக்கொண்டது. நூலை விட விட அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு நூல்கண்டு தீர்ந்ததும் அதன் நுனியில் இன்னொரு கண்டை முடிச்சுப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. சீலிங்கிலிருந்து நூல் மட்டும் விறைப்பாக இறங்கிக் கட்டில் கம்பியில் கட்டியிருக்கும். அதைக் கையில் பிடித்திருக்கும் நேரங்களில் அவர் முகத்தில் பழைய களை வந்துவிடும். "தெக்கத்திக் காத்து" என்று முணுமுணுப்பார். அது கொஞ்சம் அவருடைய குரல் மாதிரியே இருக்கும். அதைக் கேட்பதற்காகவே நான் கீரை ஆய்வதைக் கட்டில் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

இன்னொரு நாள் ஒட்டுக்கு மேலே ஏதோ ஒன்று கடந்து போயிற்று. நான் தோசைக்கல்லைப் போடும்போது தொடங்கியது, விளக்கேற்றும் வரை போய்க்கொண்டே இருந்தது. அதன் அடிவயிறு மட்டும் தெரிந்தது. மழைக் கறுப்பில் வெள்ளை வரிகள். மிக மெதுவாக மூச்சு விட்டது. அது மூச்சை இழுக்கும்போது எங்கள் வீட்டுக் காலண்டர் தாள்கள் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டன. தோசைக்கரண்டியோடு நின்றவள் நின்றபடியே நின்றேன். கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. எவ்வளவு பெரியது என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இவர் கைகூப்பவில்லை. நூலை மட்டும் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தார்.

ஆசீர்வாதம் சார் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். ஒரு படம் சுவரில் கோணலாக மாட்டியிருந்தால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. அவர் கீழே வந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"வடிவம்மா, வானம் இருக்கத பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒட்டு தெரியுது பாருங்க. வெள்ளைச் சீலிங்குல ஊதா ஒட்டு. ஓரமெல்லாம் வேற உதிருது. வெளிநாட்டுலருந்து மகன் வாரான், வீட்டச் சுத்திப் பாப்பான். ஒட்டு தெரியக் கூடாது. சுவத்துக்குச் சுவர் ஒரே நிறமா இருக்கணும். அவ்வளவுதான் என் கண்டிசன். தோதுப்படலைன்னா வீட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க, நானே அடைச்சுக்கிடுதேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீடு அவருடையது. காலி செய்தால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஒட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். நூலைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது.

பெயின்ட் வேலைக்குத் தளவாயைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அடித்தவர் அவர்தான், பூச்சு வேலையும் பார்ப்பார். சாரம் கட்டி ஏறினார். உதிர்ந்த ஓரங்களைச் சுரண்டிக் கட்டையால் தட்டிப் பார்த்தார். பிறகு கலவையை அள்ளி ஒட்டின் மேல் ஓங்கி அடித்தார். கலவை மேலே போயிற்று. மூவரும் காத்திருந்தோம். அது திரும்பி வரவில்லை.

"பூச்சு நிக்காது மதினி. பெயின்ட் நிக்குதான்னு பாப்போம்" என்றார்.

பிரஷை முக்கி வெள்ளை அடித்தார். வெள்ளை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு மேகமாகி மெல்ல நகர்ந்து போய்விட்டது. இரண்டாவது கோட்டு அடித்தார். அந்த மேகம் முதல் மேகத்தோடு சேர்ந்து கறுத்துத் தளவாயின் தலையிலேயே பெய்தது. துண்டை எடுத்துக் கொடுத்தேன். துவட்டிக்கொண்டே கீழே இறங்கினார்.

"ஒண்ணும் பிடிக்கல. பலகைய வெச்சு, ஓரத்துல ஆணி அடிச்சு, மேல பட்டி பாத்துருவோம். ஒட்டு இருந்த தடமே தெரியாது. அண்ணாச்சி நூலத்தான் எடுக்கணும்."

இவர் நூலிலிருந்து கையை எடுத்தார். "அறுத்துரு வடிவு" என்றார். உதடு அசைந்ததை வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கத்தரிக்கோலைக் கொண்டுவந்தேன். அறுப்பதற்காக நூலை இடது கையால் பிடித்தேன். அது விரல்களுக்கு நடுவே துடித்தது. ஆஸ்பத்திரியில் இவர் நினைவில்லாமல் கிடந்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்தத் துடிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும் வந்தது. கத்தரிக்கோலைத் திரும்ப அடுக்களையில் கொண்டுபோய் மாட்டினேன்.

"சார் என்ன சொன்னாரு தம்பி? ஒட்டு தெரியக் கூடாது, ஒரே நிறமா இருக்கணும்னுதான சொன்னாரு?"

"ஆமா மதினி."

"ஒட்டு வெள்ளையாக மாட்டேங்கு. அப்ப வெள்ளைய ஒட்டாக்குங்க. சீலிங் முழுக்க ஒட்டோட நிறத்தையே அடிங்க."

தளவாய் தலையைச் சொறிந்தார். "ஒரே நிறம்னா ஒரே நிறம்தான்" என்றார். சுண்ணாம்பைக் கரைக்கப் போனார்.

நீலம் நான்தான் ஊற்றினேன். ஒரு பாட்டில் முழுவதையும் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன். தளவாய் ஒரு மூலையில் இழுத்துப் பார்த்தார். நீலமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது, ஆனால் வெறும் பெயின்ட். இன்னொரு பாட்டில் ஊற்றினேன். மூலை இன்னும் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். அதில் ஒரு பல்லி வந்து உட்கார்ந்தது. தெரிந்து ஊற்றினால் பெயின்ட்தான் வரும், தவறி ஊற்ற வேண்டும் என்று எனக்கு அப்போது உறைத்தது. அந்த வீட்டில் நீலத்தைத் தவறி ஊற்றக்கூடியவர் ஒருவர்தான்.

புதுச் சுண்ணாம்புச் சட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து இவரை நிமிர்த்தினேன். புது பாட்டிலைக் கையில் கொடுத்தேன்.

"பாத்து ஊத்துங்க. ரெண்டு சொட்டு போதும். வேட்டிக்கு ஊத்துத மாதிரி ஊத்திராதீய" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

இவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். பாட்டிலைச் சாய்த்தார். முழுக் கவனமும் கையில்தான் இருந்தது, நான் சாட்சி. ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு வருவதற்குள் மூடி கழன்று, பாட்டில் குடுகுடுவென்று கவிழ்ந்துவிட்டது. இவர் திருதிருவென்று விழித்தார்.

"எத்தன வாட்டி சொல்லுதது! ஒரு சொட்டு நீலம் விடத் தெரியாதா ஒரு மனுசனுக்கு?" என்று நான் கத்தினேன். அது நடிப்பில்லை, உண்மையாகவே எரிச்சல் வந்துவிட்டது. கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணும் நிறைந்துவிட்டது. தளவாய் எங்கள் இருவரையும் பார்க்காமல் சட்டியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார்.

ஒட்டின் ஓரத்திலிருந்து தொடங்கினார். பிரஷ் போன இடமெல்லாம் வானம் அகன்றது. ஒட்டில் வழக்கமாகப் பாதி தெரிந்து மறையும் மேகங்கள் இப்போது முழுசாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் உயரத்தில் வேறு மேகங்கள் இருந்தன, அவை எதிர்த் திசையில் போயின. அதற்கும் மேலே நாரைக் கூட்டம் ஒன்று வரிசை கலையாமல் போனது. தளவாய் சுவர் ஓரங்களைச் சின்ன பிரஷால் சீவினார். கடைசி மூலையில் இருந்த பல்லி நகர்ந்து கொடுத்தது, அந்த மூலையும் வானமாயிற்று. ஃபேனைக் கழற்ற மறந்துவிட்டோம். அது கொக்கியில் தொங்கியது, கொக்கி வானத்தில் தொங்கியது. சுவிட்சைப் போட்டேன், சுற்றியது.

கூடம் அதே கூடம்தான். நாலு சுவர், பீரோ, டிவி, அலமாரியில் எவர்சில்வர் பாத்திரங்கள். சுவர்கள் முடியும் இடத்தில் அந்தப் பெரிய வெளிச்சம் தொடங்கியது. பாத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு வானம் மின்னியது. நான் அண்ணாந்து பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனையும் இவ்வளவு நாளும் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறது, நான் கீழே உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தளவாய் இறங்கி வந்தார். "ரெண்டாவது கோட்டு வேண்டாம் மதினி" என்றார். பிரஷ்களைக் கழுவப் பின்பக்கம் போனார்.

ஆசீர்வாதம் சார் வந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி அளவு பார்த்தார். சுவருக்குச் சுவர் பார்த்தார். வாசலில் நின்று பார்த்தார், மூலையில் நின்று பார்த்தார்.

"ஒட்டு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். எனக்கும் தெரியவில்லை.

"வேல சுத்தம்" என்றார் சார். "இப்பதான் வீடு வீடா இருக்கு. மகன் தாராளமா பாக்கட்டும். நீங்க எங்கயும் போக வேண்டாம்." சாப்பிட நேரமாகிவிட்டதென்று மேலே போனார். சாப்பாட்டு மேசைக்கு அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் வழக்கம்போலத் தலைக்கு மேலே கேட்டது.

அந்த நாற்காலிச் சத்தம் அடங்குவதற்குள், அன்று ஒட்டுக்கு மேலே கடந்து போனது மறுபடியும் வந்தது. இந்த முறை சுவரிலிருந்து சுவர் வரை வந்தது. கறுப்பும் வரிகளும் கடந்து போயின. பிறகு அதன் பக்கவாட்டில் ஒரு பெரிய ஈர வட்டம் தெரிந்தது. கண் என்று எனக்குத் தோன்றியது. அதில் எங்கள் கூடம் தெரிந்தது, கட்டில் தெரிந்தது, ஊதா வேட்டி தெரிந்தது, பக்கத்தில் நான் நின்றேன். அத்தனை பெரிய கண்ணில் நாங்கள் தெளிவாகத்தான் இருந்தோம். இமை ஒருமுறை மூடித் திறந்தது. முழு உருவம் அப்போதும் தெரியவில்லை. சீலிங் சின்னது. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டேன்.

அது போன பிறகு அதன் பின்னாலேயே காற்று வந்தது. நூல் சுண்டி இழுத்தது. கட்டில் கிறீச்சென்றது. கட்டிலின் கால்கள் தரையை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றன.

இவர் என்னைப் பார்த்தார். நான் வாரியலை எடுத்து வந்து கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். கட்டிலை நகர்த்த ஆளில்லாமல் அங்கே தூசி அடைந்து கிடந்தது. அத்தனையும் ஒரே வீச்சில் வந்துவிட்டது.

"வாரியா?" என்றார் மெல்ல.

"உலை கொதிக்குது. வடிச்சிட்டு வாரேன்" என்றேன்.

சோற்றை வடித்துத் தூக்குச்சட்டியில் போட்டேன். அடுப்பை அணைத்தேன். ஊறுகாயும் குடையும் எடுத்துக்கொண்டேன். சாவியை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தளவாய்க்குப் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன். "சரி மதினி" என்றார். அதற்குள் கட்டில் என் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அதே ஸ்டூல்தான், இந்த முறை சாயவில்லை. இவர் கை நீட்டி என்னைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு கட்டிலின் தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒருமுறை பார்த்தார். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று வண்டி எடுக்கும் முன்பு பார்ப்பார், அந்தப் பார்வை. கம்பியில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தார். ரெண்டு விசில் கொடுத்தார்.

கட்டில் நேராக மேலே போயிற்று. ஃபேன் இறக்கையில் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். சுவர் முடியும் இடத்தைத் தாண்டியதும் ஆசீர்வாதம் சாரின் சாப்பாட்டு மேசை பக்கத்தில் வந்தது. அவர் மோர்ச் சோற்றுக் கையோடு எழுந்து, சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, மேசை ஓரத்தில் வந்து நின்று கை காட்டினார்.

இவர் ஒரு விசில் கொடுத்தார். கட்டில் நின்றது.

"உள்ள தள்ளி உக்காரு வடிவு! சார் ஏறட்டும்!" என்றார்.

கீழே, தெருமுனை டீக்கடையில் கிளாசோடு நின்றவர்கள் எல்லாரும் ஓரடி தள்ளி நின்றார்கள்.